நீரில் கரையும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, இல்லை பிஸ்கட்டை இன்னும் செய்தித்தாளுக்கு அடியில் ஒளித்து வைத்துத்தான் சாப்பிடுகிறாரா?

என்னைத் தோட்ட வேலையிலிருந்து எடுத்து வாழ்த்து அட்டை மேசையில் போட்டிருக்கிறார்கள். சிறைக்குள் உட்கார்ந்து பிறந்தநாள் கார்டு செய்கிறோம் என்றால் மாமா வயிறு வலிக்கச் சிரிப்பார். வேன் ஓட்டிய கைக்கு இது என்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு தாளைக் கோணாமல் மடிக்கவே ஒரு வாரம் பிடித்தது. என்னை இங்கே கொண்டுவந்த அந்த வேன் விபத்துக்குப் பிறகு என் கை உருப்படியாகச் செய்யும் முதல் வேலை இது.

சிட்டுவுக்கு நான் அனுப்பிய கார்டைப் பார்த்து அவள் சொன்னதை நீ மறைக்காமல் எழுதியது நல்லது. "கலர் பென்சில்ல சின்னப் பசங்க கிறுக்கின மாதிரி இருக்கு." என் பதினொரு வயது மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நிறம் ஓடிக் கலந்தால்தான் அழகு. ஆனால் பெயிண்டுக்கும் தூரிகைக்கும் இங்கே அனுமதி இல்லை. என் பக்கத்தில் இருப்பவர் வெளியே கடைகளுக்குப் போர்டு எழுதியவர். அவர் சொல்கிறார்: "வாட்டர்கலர் கிரேயான்னு ஒண்ணு இருக்குப்பா. பார்க்கச் சாதாரண கிரேயான்தான். தேய்ச்சிட்டு ஈர விரலால தொட்டா பெயிண்ட்டாயிடும்." கிரேயானுக்கு இங்கே தடை இல்லை.

அரை வருடத்துக்கு ஒரு பார்சல், அதில் ஒரே ஒரு பொருள் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை கம்பளிச் சட்டை என்று சொல்லியிருந்தாய். அதற்குப் பதில் இதை வாங்கத் தகுமா என்று பார்த்துச் சொல். உன்னை ஏமாற்றிப் பொருள் விற்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த முறை சிட்டு உன்னோடு வருவாளா? போன தடவை அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தபோது, "நிமிர்ந்து பாரு" என்று நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் வலி என்னை விட்டுப் போகிற எண்ணத்தில் இல்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அதுதான் துணை. உன் இருமலைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாததால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்குப் போனேன். விற்கிற பெண் நல்லவள், சோதித்துப் பார்க்க ஒரு தாளும் துண்டுக் கிரேயான்களும் கொடுத்தாள். நல்லதை முதலில் சொல்கிறேன். ஈர விரல் பட்டதும் கோடு அப்படியே உருகி நிறமாக ஓடுகிறது. நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்தால் கண் முன்னால் பச்சை பிறக்கிறது. நான் மூன்று தாளை வீணாக்கினேன், தம்பி. பின்னால் நின்றவர் இருமின பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது.

இனி கெட்டது. மெல்லிய தாளில் போட்டால் தாள் சுருண்டு தோல் உரிகிறது. வழவழப்பான அட்டையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சொரசொரப்பான தடித்த அட்டை வேண்டும். முனை மெத்தென்று இருப்பதால் அழுத்தினால் ஒடியும். இன்னொன்று, காய்ந்த பிறகும் அது நிலைப்பதில்லை. மறுபடி ஈரம் பட்டால் மறுபடி கரையும். பென்சில் கோடு மட்டும்தான் அசையாமல் நிற்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து வாழ்கிற படம் எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவைக் கேட்டேன். "குளிருக்குக் கிரேயானையா போத்திக்குவான்?" என்கிறார்.

என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. நீயே சொல்.

சிட்டு சனிக்கிழமைகளில் வழக்கம்போல் அவள் அம்மா வீட்டிலிருந்து வருகிறாள். வளர்ந்துவிட்டாள், என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது. இப்போது பரீட்சை நேரம்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். இருமல் போன இடம் தெரியவில்லை. ஆகவே சட்டை வேண்டாம், கிரேயான் வாங்கி அனுப்பு.

நீ சொன்ன குறைகளைப் போர்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா கடை வச்சா நான் வேலைக்குச் சேர்ந்துடுவேன்" என்றார். மேசையில் தடித்த அட்டை இருக்கிறது, சொரசொரப்பானதுதான். ஒடியாமல் தேய்க்கக் கற்றுக்கொள்கிறேன். கார்டு உறைக்குள் போய் உறைக்குள் வருவது, அதன் மேல் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?

பார்சலின் மேல் ஒட்டுகிற சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுத வேண்டும். தெளிவில்லாததைத் திருப்பிவிடுகிறார்கள்.

சிட்டுவின் பிறந்தநாளுக்குள் வந்துவிட்டால் போதும். என்ன வரைவது என்று தெரியும். சொல்ல மாட்டேன்.

அவள் வருவாளா என்று கேட்டிருந்தேன். பரீட்சை என்று எழுதியிருக்கிறாய். சரி, பரீட்சை முடியட்டும்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் பிஸ்கட் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது அவர் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

பார்சல் நேற்றுப் போய்விட்டது. தகரப் பெட்டி, உள்ளே வரிசையாகப் படுத்திருக்கின்றன. மஞ்சள்தான் எனக்குப் பிடித்தது. சீட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. இத்தனை வருடமாக மருந்து லேபிள் எழுதிய கை இது. வெறுமனே கிரேயான் என்று எழுதினால் பிரித்துப் பார்க்கிறவர் இது சாதாரண மெழுகுக் கிரேயான் என்று நினைத்துவிடுவார். ஆகவே கட்டை எழுத்தில், "நீரில் கரையும் வண்ணக்குச்சி. வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று எழுதினேன். தபால் ஆபீசில் இருந்தவர் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிப் பார்த்ததில்லைங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கிடைத்ததும் எழுது. சிட்டுவிடம் சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நீ மனம் நொந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

பார்சல் உள்ளே வரவில்லை. வாசலில் இருந்தவர் சீட்டைப் படித்திருக்கிறார். நீரில் கரையும். வெளி உபயோகத்துக்கு மட்டும். மருந்து, அதுவும் போதை மருந்தோ என்று சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, கரையுற குச்சி?" என்றார். கிரேயான் என்றேன். "அப்படின்னா கிரேயான்னு எழுத வேண்டியதுதானே?" என்றார். நான் என்ன சொல்வது? எங்கள் அக்கா ரொம்பச் சரியாக எழுதுவாள் என்றா? பக்கத்து மேசைக்காரருக்குச் சாதாரணக் கிரேயான் என்று எழுதி இதே போல் ஒன்று போன மாதம் வந்தது, யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றும் செய்ய முடியாது, அக்கா. இந்த அரை வருடப் பார்சல் அதோடு முடிந்தது. உன் விலாசத்துக்கு நேரே ஏதோ குறி போட்டிருக்கிறார்கள். இனி நீ அனுப்புகிற எதையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்த பிறகுதான் தருவார்களாம். நிறம் ஏதாவது துணியில் ஒட்டினால் தர மாட்டார்கள்.

பெட்டி திரும்பி வந்ததும் பத்திரமாக வை. அது என்னுடையது. யாரும் தொட வேண்டாம். அடுத்த முறை வேறு பெயர் எழுதி முயற்சி செய்வோம்.

சிட்டுவுக்குக் கலர் பென்சிலிலேயே ஒரு கார்டு செய்து அனுப்பினேன். சிரித்திருப்பாள்.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. ஒரு வார்த்தை குறைவாக எழுதியிருந்தால் போதும். மாமா உன் கடிதத்தைப் படித்து, மடித்து என்னிடம் தந்துவிட்டார். அவர் கேலி செய்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பெட்டி திரும்பி வந்தது. அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். சிட்டுவின் கண் அங்கேதான் போய் நின்றது. "அது அப்பாவோடது, யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்காரு" என்றேன். "அப்பாவுக்குன்னா தொடலாமா?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படி இல்லை என்று சொல்ல வரும்? சாப்பாட்டு மேசையில் பழைய தாளை விரித்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். முதலில் பென்சில், பிறகு கிரேயான், பிறகு நுனிவிரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு. மூக்கு நுனியில்கூட மஞ்சள். இவ்வளவு நாளில் உனக்கென்று அவள் செய்தது இதுதான் முதல். கிட்டப் போனால் கையால் மூடிக்கொண்டாள். தானே உறையில் போட்டு ஒட்டினாள். "காட்டு பார்க்கலாம்" என்றேன். "இது அப்பாவுக்கு" என்றாள். பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

உறையின் பின்பக்கம் என் விலாசத்தை நான்தான் எழுதினேன். இன்று காலை தபால் பெட்டியில் போட்டேன். கை வெளியே வந்த பிறகுதான் நீ எழுதிய ஈரத்துணி நினைவுக்கு வந்தது. பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தபால்காரருக்காகக் காத்திருந்து கேட்டேன். "போட்டது போட்டதுதாம்மா" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒருவேளை துடைக்காமல் தந்துவிடலாம். தந்தால் உடனே எழுது.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனதை நோகடித்துக்கொள்ளாதே.

தபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருக்கும் காவலர் ஈவிரக்கம் உள்ளவர். கார்டை என்னிடம் காட்டவில்லை, துணியைக் காட்டினார். துணி முழுக்க மஞ்சள். "உன் பொண்ணு போட்ட படம் போச்சுப்பா. எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. விதி அப்படி" என்றார். நான் வந்த அன்று கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரமும் பெல்ட்டும் இருக்கும் பையில் அதைப் போட்டுவிட்டார்கள். விடுதலையாகும்போது தருவார்கள். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அந்தத் துணியைக் கேட்டேன். அதையும் தரவில்லை.

"எழுத்து ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன். "கீழ பென்சில்ல எழுதியிருக்கு. அது அப்படியே நிக்குது" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, முடியாது என்று தலையை ஆட்டினார். நிறுத்தி வைத்ததைப் படித்துச் சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து. நான் கதவுவரை போன பிறகு கூப்பிட்டு, "கடைசியில ஒரு கேள்விக்குறி இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அக்கா, அவள் என்னை ஏதோ கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று கேட்டு எழுது. மஞ்சளில் என்ன வரைந்தாள் என்றும் கேள். சூரியனா? பூவா? அதிகமாகத் தூண்டிக் கேட்காதே. ஆனால் கேள்.

உன் தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நாங்கள் நலம்தான்.

சிட்டுவைக் கேட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா பதில் போட்டாரா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். படத்தைத் துடைத்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மத்தியானம் முழுக்க அவள் குனிந்து உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. தபால் தாமதம், இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "என்ன கேட்டே, சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன். "அப்பாகிட்டதானே கேட்டேன்? அவரே சொல்லட்டும்" என்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரமும் வந்து கேட்டாள். அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள். இந்த மாதம் சனிக்கிழமைகளில் வரவில்லை. அவள் அம்மாவுக்கு வேலை அதிகமாம். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வேண்டாததை ஒழிக்கிறோம் என்று அவள் அம்மா சொன்னாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

இருமல்? உண்மையை எழுது.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை விசாரித்ததாகச் சொல். இருமல் இருக்கிறது, இருக்கட்டும்.

வேலை செய்ய முடியவில்லை. ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். என்ன கேட்டிருப்பாள்? "என் அடுத்த பிறந்தநாளுக்கு வருவீங்களா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் எழுத வேண்டும். "என்மேல கோபமா?" என்று கேட்டிருந்தாலும் இல்லைதான். முதல் இல்லை அவளை அழ வைக்கும், இரண்டாவது அவளைச் சிரிக்க வைக்கும். "என்னை நினைச்சுப்பீங்களா?" என்று கேட்டிருந்தால்? போர்டுக்காரர், "ஆமாம்னு எழுதிப் போடுப்பா, எதுவா இருந்தாலும் ஆமாம் நல்லதுதான்" என்கிறார். அவருக்கு மகள் இல்லை. கோபமா என்று கேட்டவளுக்கு ஆமாம் என்று எழுதினால் என்ன ஆகும்?

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. துடைத்துவிட்டார்கள் என்று சொல். அப்பா பதில் எழுதாமல் இல்லை, கேள்வி அவர் கைக்கு வரவில்லை என்று சொல். திரும்பவும் ஒருமுறை வெறும் பென்சிலில் எழுதச் சொல். உடனே போய்ச் சொல், அக்கா.

அது என்ன அட்டைப் பெட்டிகள்?

உன் தம்பி


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மாமாவாவது ஒரு வரி எழுதலாம்.

சிட்டுவிடம் சொன்னாயா?

தம்பி


அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

உன் ஜூலைக் கடிதம் கிடைத்த அன்றே போனேன். வீட்டு வாசலில் லாரி நின்றது. மெத்தை ஏறிவிட்டது, மேசை ஏறிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டேன். "போய்ச் சேர்ந்ததும் நானே எழுதுறேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவளும் தனியாக எவ்வளவுதான் தாங்குவாள்?

சிட்டுவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அழவில்லை. என் கைப்பையிலிருந்த பென்சிலை வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள். அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மடித்து என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். நான் படித்துவிட்டேன். படித்ததால்தான் உனக்கு அனுப்ப இத்தனை நாள் ஆனது. விலாசம் வந்ததும் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருந்தேன். விலாசம் இன்னும் வரவில்லை.

புதுப் பார்சலுக்கு நேரம் வந்துவிட்டது. கிரேயானை அனுப்பவா? சீட்டில் கிரேயான் என்று மட்டும் எழுதுகிறேன்.

அக்கா


(இதனுடன்)

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு இருமல்னு அத்தை சொன்னாங்க.

கார்டைத் துடைச்சிட்டாங்கன்னு இப்பதான் தெரியும். அதுல நம்ம மஞ்சள் வேனை வரைஞ்சிருந்தேன். நீங்க ஓட்டுறீங்க, நான் முன்சீட்டுல இருக்கேன். நல்லா வந்திருந்துச்சு.

கீழ நான் எழுதினது இதுதான். அப்பா, நாங்க வேற ஊருக்குப் போகப்போறோம், அத்தைக்குத் தெரியாது, இந்தக் கிரேயான் பெட்டியை நான் எடுத்துட்டுப் போகலாமா?

அது உங்களோடது, யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களாம். அதான் கேட்டேன். பதில் வரல. கூடாதுன்னு நினைச்சு அலமாரியிலேயே விட்டுட்டேன். மஞ்சள் மட்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கும். அது நான்தான்.

லாரி கூப்பிடுது.

சிட்டு


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதாமல் இருந்ததற்காக வருந்தாதே. உன் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சிட்டுவின் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். ஒரே வார்த்தைதான். எடுத்துக்கோ. கார்டில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். மேலே எழுத விலாசம் இல்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது. உனக்கு எப்போது விலாசம் வந்தாலும், என் பதிலுக்குக் காத்திராமல் நீயே இந்த வார்த்தையை அவளுக்கு எழுதிவிடு.

கிரேயானை எனக்கு அனுப்பாதே. அது இப்போது என்னுடையது இல்லை. பார்சலில் கம்பளிச் சட்டையே அனுப்பு. சீட்டில் சட்டை என்று மட்டும் எழுது.

பெட்டியை ஈரம் படாத இடத்தில் வை. தேய்ந்த மஞ்சளை யாரும் சீவ வேண்டாம். மேலே ஒரு தாளை ஒட்டி, இது சிட்டுவுடையது, யாரும் தொடக் கூடாது என்று எழுதி வை. பென்சிலில் எழுது, அக்கா.

உன் தம்பி